அந்தக் கொரங்காட்டில் எதுவும் பிறக்கவில்லை

மூணு மாசமா இந்தப் பக்கம் எதுவும் எழுதலை. "தோட்டத்துல என்னங்க விசேஷம், ஆளையே காணோமே"ன்னு சிலர் போன் போட்டுக் கேட்டீங்க. தோட்டம் தம்பி பார்வையில் இருந்தது. நானும் எங்க வீட்டம்மாவும் மக வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தோம், நியூ ஜெர்சி. "அமெரிக்கா பத்தி எழுதுங்க"ன்னு கேட்டவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன்: ரோடு நல்லா இருக்கு, தயிர் நம்மூர் மாதிரி புளிக்க மாட்டேங்குது, பக்கத்து வீட்டுக்காரர் பேரு மகளுக்கே தெரியல. அவ்வளவுதான்.

ஆனா ஒரு நாள் போன பயணத்தைப் பத்தி எழுதாம இருக்க முடியல. அங்கே பேரன் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டி வந்தது. அந்தப் பதிலை இந்த ஊருக்கும் சொல்ல வேண்டிய கடன் எனக்கு இருக்கு.

பேரனுக்குப் பதினோரு வயசு. பேத்திக்கு எட்டு. ரெண்டு பேருக்கும் பேஸ்பால் பைத்தியம். நம்ம பசங்களுக்குக் கிரிக்கெட் எப்படியோ, அங்கே அது. பந்து தரையில் குத்தாமல் நேரா வரும், உருட்டுக்கட்டை மாதிரி மட்டையில் அடிக்கணும், அடிச்சுட்டு மூணு மூலையையும் சுத்திப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தா ஒரு ரன். ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர். இவ்வளவு தெரிஞ்சா இந்தப் பதிவுக்குப் போதும்.

பேஸ்பால் அருங்காட்சியகம் ஒண்ணு இருக்கு, அப்புச்சியைக் கூட்டிட்டுப் போகணும்னு ரெண்டு பேரும் ஒத்தக்கால்ல நின்னாங்க. நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன்னு ஒரு ஊர். மகள் வீட்டில் இருந்து காரில் நாலு மணி நேரம். மாப்ள வண்டி ஓட்ட, வழியெல்லாம் மக்காச்சோளக் காடும் பால் பண்ணையும்தான். எனக்கு அதுவே போதுமா இருந்தது.

கூப்பர்ஸ்டவுன் பெரிய ஊர்னு நினைச்சிடாதீங்க. ரெண்டாயிரம் பேர்கூட இல்லாத கிராமம் அது. ஓட்சிகோன்னு ஒரு ஏரியோட தென்கடைசியில் இருக்கு. சஸ்குவஹானாங்கிற பெரிய ஆறு அந்த ஏரியில் இருந்துதான் புறப்படுது. ஒரே கடைவீதி. எல்லாக் கடையிலும் மட்டை, தொப்பி, பந்து. இவ்வளவு சின்ன ஊருக்கு எதுக்கு இத்தனை சனம் வருதுன்னு கேட்டா, அதுக்கு ஒரு தலபுராணம் இருக்கு.

அந்தக் கதை இது. 1839-ல் ஆப்னர் டபுள்டே என்பவர் இந்த ஊரில் ஃபின்னி என்பவரோட மாட்டு மேய்ச்சல் நிலத்தில் பசங்களைக் கூட்டி வச்சுக்கிட்டு, மண்ணில் கோடு போட்டுக் காட்டி, பேஸ்பாலைக் கண்டுபிடிச்சார். நம்ம காங்கயம் பக்கத்துப் பாஷையில் சொன்னா, ஒரு கொரங்காட்டில் பிறந்த விளையாட்டு. டபுள்டே பின்னாடி ராணுவத்தில் பெரிய ஆள் ஆனார். 1861-ல் அவங்க உள்நாட்டுப் போர் தொடங்கின சம்டர் கோட்டையில், வடக்கத்திய படை பக்கமிருந்து முதல் குண்டு சுட்டவர்னு பேரெடுத்தவர். வீரன் கண்டுபிடிச்ச விளையாட்டு, நம்ம நாட்டிலேயே பிறந்தது, அதுவும் ஒரு கிராமத்துக் காட்டில். கேக்கவே எவ்வளவு நல்லா இருக்கு பாருங்க.

நல்லா இருக்குங்கிறது ஒண்ணுதான் அதுக்கு ஆதாரம். மத்தபடி அத்தனையும் பொய்.

1839-ல் டபுள்டே வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் படிச்சிட்டு இருந்தார். 1893-ல் சாகிற வரைக்கும் அந்த விளையாட்டை நான்தான் கண்டுபிடிச்சேன்னு அவர் ஒரு வரிகூட எழுதி வைக்கலை. அவர் செத்துப் பன்னெண்டு வருஷம் கழிச்சு, 1905-ல், விளையாட்டுச் சாமான் வியாபாரத்தில் கொழுத்த பணம் பார்த்த ஆல்பர்ட் ஸ்பால்டிங் என்பவர் ஏற்பாட்டில் ஒரு குழு போட்டாங்க. பேஸ்பால் இங்கிலாந்தில் பசங்க ஆடுற ரவுண்டர்ஸ் விளையாட்டில் இருந்து வந்ததுன்னு ஹென்றி சாட்விக்ங்கிற பத்திரிகைக்காரர் எழுதிட்டு இருந்தார். ஸ்பால்டிங்குக்கு அது பிடிக்கலை. சொந்த மண்ணில் பிறந்ததா இருக்கணும்னு ஆசை. அந்தச் சமயம் பார்த்து ஆப்னர் கிரேவ்ஸ் என்பவர் ஒரு பத்திரிகைக்குக் கடுதாசி போட்டார். கூப்பர்ஸ்டவுனில் வளர்ந்தவர், டபுள்டேதான் கண்டுபிடிச்சார், எனக்குத் தெரியும்னு. 1839-ல் இந்தச் சாட்சிக்கு வயசு அஞ்சு! 1907 கடைசியில் மில்ஸ் என்பவர் தலைமையிலான அந்தக் குழு இந்த ஒத்தை ஆள் பேச்சை வச்சே தீர்ப்பு எழுதிடுச்சு.

இதைக் கேட்டு நான் சிரிச்சேன். பொறகு யோசிச்சுப் பார்த்தேன். எங்க ஊர் கோயில் ஆலமரத்தில் திப்பு சுல்தான் குதிரை கட்டினார்னு சின்ன வயசில் இருந்து கேட்டு வளர்ந்தவன் நான். பக்கத்து ஊர்க்காரங்களும் அவங்க மரத்தில்தான் கட்டினார்னு சொல்றாங்க. சுத்துப்பட்டில் மரம் இருக்கிற ஊருக்கெல்லாம் ஒரு குதிரை இருக்கு. இதுக்கு அஞ்சு வயசுச் சாட்சிகூடக் கிடையாது.

கூப்பர்ஸ்டவுனுக்கு அந்தக் கதை வெறும் பெருமை மட்டுமில்லை, பிழைப்பாவும் ஆச்சு. அந்தச் சுத்துவட்டாரத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹாப்ஸ் வெள்ளாமை கொடிகட்டிப் பறந்திருக்கு. பீருக்குக் கசப்பும் மணமும் கொடுக்கிற கொடிப்பயிர் அது. நோய் விழுந்தது, மேற்கே மத்த மாநிலங்களில் மலிவா விளைய ஆரம்பிச்சது, 1920-ல் மதுவிலக்கு வேற வந்தது. பயிர் போச்சு. 1929-க்கு மேல் நாடு பூராவும் பஞ்சம். ஊரை எப்படியாவது தூக்கி நிறுத்தணும்னு உள்ளூர்ப் பணக்காரர் ஸ்டீஃபன் கிளார்க் நினைச்சார். அவங்க தாத்தா எட்வர்ட் கிளார்க், நம்ம வீட்டுத் திண்ணையில் எல்லாம் ஓடுச்சே சிங்கர் தையல் மிஷின், அந்தக் கம்பெனியில் பங்காளி. 1930-களின் நடுவில் பக்கத்து ஃபிளை கிரீக் கிராமத்தில் ஒரு விவசாயி வீட்டில், பழைய பெட்டிக்குள் இருந்து கையால் தைச்ச பழம்பந்து ஒண்ணு கிடைச்சது. கிளார்க் அதை அஞ்சு டாலருக்கு வாங்கி, டபுள்டே பந்துன்னு பேர் வச்சுக் காட்சிக்கு வச்சார். அதில் இருந்து வளர்ந்து 1939 ஜூன் 12-ல் அருங்காட்சியகம் திறந்தது. கதை பிறந்ததா சொன்ன வருஷத்தில் இருந்து சரியா நூறு வருஷம். அரசாங்கம் தபால்தலைகூட வெளியிட்டது.

வெள்ளாமை போன ஊர் ஒரு கதையைப் பிடிச்சுக் கரையேறினதை நான் குத்தம் சொல்ல மாட்டேன். மழை இல்லாத வருஷம் நாம என்னென்ன பிடிச்சுக் கரையேறினோம்னு நமக்குத் தெரியும்.

அந்தப் பந்து இப்பவும் கண்ணாடிக்குள் இருக்கு. பக்கத்திலேயே, இந்தக் கதை உண்மை இல்லைங்கிறதையும் அவங்களே சொல்லிடறாங்க. பேரன் படிச்சுட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்புச்சி, அப்போ இது பொய்யா?"

"ஆமா கண்ணு."

"அப்புறம் ஏன் இங்க வெச்சிருக்காங்க?"

நல்ல கேள்வி. பொய்னு தெரிஞ்சதும் தூக்கிப் போட்டிருக்கலாம். இல்லைன்னா மூடி மறைச்சுக் கதையைத் தொடர்ந்து ஓட்டியிருக்கலாம், டிக்கெட் விக்கிறவனுக்கு அதுதான் லாபம்னு தோணும். ரெண்டும் செய்யலை. எப்படி நம்பினோம், ஏன் நம்பினோம்னு எழுதி வச்சிருக்காங்க. டபுள்டேக்கு அந்தப் புகழ் மண்டபத்தில் ஒரு தகடுகூட இல்லை. ஆனா ஊர் மைதானத்துக்கு இன்னும் அவர் பேருதான். அது ஊர்க்காரங்க பாசம், விட்டுடலாம்.

நிஜத்தில் அந்த விளையாட்டு எங்கே பிறந்ததுன்னா, ஒரு இடத்தைக் கை காட்ட முடியாது. இங்கிலாந்தில் 1744-ல் அச்சான குழந்தைகள் புத்தகத்திலேயே பேஸ்பால்ங்கிற பேர் இருக்கு. மாசசூசெட்ஸில் பிட்ஸ்ஃபீல்டுங்கிற ஊரில் 1791-ல் ஒரு சட்டம் போட்டிருக்காங்க: ஊர்க் கூட்டம் நடக்கிற புதுக் கட்டடத்துக்கு எண்பது கஜத்துக்குள் யாரும் பேஸ்பால் ஆடக் கூடாது. எதுக்குங்கிறீங்க? சன்னல் கண்ணாடி உடையுதாம். நியூயார்க்கில் நிக்கர்பாக்கர் சங்கத்துக்காரங்க 1845-ல் விதிகளை எழுத்தில் கொண்டாந்தாங்க. பல ஊர்ப் பசங்க பல தலைமுறையா ஆடி ஆடி உருவானது, அவ்வளவுதான். நம்ம சடுகுடுவை எந்த ஊர் கண்டுபிடிச்சதுன்னு சொல்ல முடியுமா? அது மாதிரி.

ஊருக்கு வடக்கே ஒரு மைலில் விவசாயிகள் அருங்காட்சியகம்னு இன்னொண்ணு இருக்கு. எனக்காகவே மாப்ள அங்கேயும் கூட்டிட்டுப் போனார். கலப்பை, கொட்டகை, பழைய காலத்துச் சாமான்னு பார்த்துட்டே வந்தா, ஒரு இடத்தில் பத்தடிக்கு மேல் நீளமா கல் மனுசன் ஒருத்தன் படுத்திருக்கான். கார்டிஃப் ராட்சதன். ஜார்ஜ் ஹல்ங்கிற புகையிலை வியாபாரி ஜிப்சம் கல்லில் ஆள் வச்சுச் செதுக்கி, சொந்தக்காரன் ஒருத்தன் காட்டில் ராவோட ராவா புதைச்சுட்டான். ஒரு வருஷம் விட்டு, 1869 அக்டோபரில், கிணறு வெட்டணும்னு ஆள் கூப்பிட்டு அதே இடத்தில் தோண்டச் சொன்னாங்க. ராட்சதன் வந்துட்டான்! கல்லாப் போன ஆதி மனுசன்னு சனம் குவிஞ்சது. கூடாரம் போட்டு ஆளுக்கு இருபத்தஞ்சு சென்ட் வாங்கினவங்க, கூட்டத்தைப் பார்த்து அம்பதாக்கிட்டாங்க. யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்ஷ் வந்து பார்த்துட்டு இது மோசடின்னு சொன்னார். அந்த வருஷமே ஹல் உண்மையைக் கக்கிட்டான்.

ஆக அந்தச் சின்ன ஊரில் ரெண்டு பேர்போன பொய் இருக்கு, ரெண்டையும் பொய்னு சொல்லியே காட்டறாங்க. கூட்டம் குறையலை. பேத்தி ராட்சதன் கிட்டே இருந்து நகரவே மாட்டேன்னுட்டாள். உண்மையைச் சொன்னா பிள்ளைகளுக்குச் சுவாரசியம் போயிடும்னு நாம நினைக்கிறோம். கூடத்தான் செய்யுதுங்க.

இதோட நின்னிருந்தா சிரிச்சுட்டே வீட்டுக்கு வந்திருப்பேன். ஆனா நடக்காததை நடந்ததா சொல்றது ஒரு வகைப் பொய்னா, நடந்ததைச் சொல்லாம விடறது இன்னொரு வகை. காலையில் நாங்க பேஸ்பால் அருங்காட்சியகத்தில் பார்த்த இன்னொரு பகுதி அதைப் பத்தினது.

1880-களில் கறுப்பின ஆட்டக்காரர்கள் பெரிய அணிகளில் ஆடியிருக்காங்க. 1884-ல் மோசஸ் ஃபிளீட்வுட் வாக்கர்னு ஒருத்தர் ஆடினார். அதுக்கப்புறம் கதவு சாத்திட்டாங்க. கறுப்பர் ஆடக் கூடாதுன்னு விதிப் புத்தகத்தில் எங்கேயும் எழுதலை. முதலாளிகளுக்குள் ஒரு வாய்க்கட்டுப்பாடு, அவ்வளவுதான். அறுபது வருஷத்துக்கு மேல் அது நின்னது. அவங்க தனியா அணி கட்டி, தனி லீக் நடத்தினாங்க. நீக்ரோ லீக்னு அன்னிக்கு வச்ச பேர். 1947 ஏப்ரல் 15-ல் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக இறங்கினப்பத்தான் அந்தக் கட்டுப்பாடு உடைஞ்சது.

அந்த லீக்கில் ஜோஷ் கிப்சன்னு ஒருத்தர். அவர் அடிச்சா பந்து எங்கே போய் விழும்னே தெரியாதாம். ராபின்சன் களம் இறங்க மூணு மாசம் இருக்கிறப்ப, 1947 சனவரியில் செத்துப் போயிட்டார். வயசு முப்பத்தஞ்சு. பெரிய லீக்கில் ஒரு பந்துகூட ஆடலை. 2024-ல்தான் அந்த லீக்குகளின் கணக்கைப் பெரிய லீக் கணக்கோட சேர்த்தாங்க. சேர்த்த உடனே வாழ்நாள் பேட்டிங் சராசரியில் அதுவரைக்கும் முதல் இடத்தில் இருந்த டை காப்பைத் தாண்டி கிப்சன் முதல் ஆளா நின்னார். எழுபத்தேழு வருஷம் தாமதம்.

அந்த அருங்காட்சியகமும் இதில் சுத்தமில்லை. 1971-ல் சாட்சல் பேஜ் என்ற பந்து வீச்சாளரை எடுத்தப்போ, நீக்ரோ லீக் ஆட்டக்காரர்களுக்குத் தனிப் பகுதின்னு அறிவிச்சாங்க. தனிக் கிளாஸ் மாதிரி. எதிர்ப்பு கிளம்பினதும் மாத்திக்கிட்டு எல்லாரோடவும் ஒட்டுக்கா வச்சாங்க. ராபின்சனுக்கு 1962-ல் வச்ச தகட்டில் அவர் ஆட்டத்தை மட்டும்தான் எழுதியிருந்தாங்க, அவரே அப்படித்தான் வேணும்னு கேட்டாராம். கதவை உடைச்சதையும் சேர்த்து 2008-ல் புதுத் தகடு மாட்டினாங்க. வெண்கலத்தில் வார்த்ததையே கழட்டி மாத்தலாம்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சது.

"பொண்ணுங்க யாரும் இல்லியா?"ன்னு பேத்தி கேட்டாள். முந்நூத்துச் சொச்சம் தகட்டில் ஒரே ஒருத்தர் இருக்கார். எஃபா மேன்லி. மகள் இருக்கிற அதே நியூ ஜெர்சியில், நெவார்க் ஈகிள்ஸ்ங்கிற நீக்ரோ லீக் அணியைப் புருசனோட சேர்ந்து நடத்தினவர். 2006-ல் எடுத்திருக்காங்க. "ஒண்ணுதானா?"ன்னு அவள் உதட்டைப் பிதுக்கினாள். எனக்கும் பதில் இல்லை.

சாயந்திரம் டபுள்டே மைதானத்துக்குப் போனோம். வாசலில் செருப்பில்லாம, வைக்கோல் தொப்பி போட்டு, மட்டையோட நிக்கிற ஒரு பையன் சிலை. பார்த்தா நம்ம ஊர் மாடு மேய்க்கிற பையன் மாதிரியே இருந்தான். கேலரியில் உட்கார்ந்தோம். அங்கேதான் பேரன் கேட்டான்.

காலையில் காரில் வர்றப்போ நான் என் பெருமையைப் பேசிட்டே வந்திருந்தேன். 1977 பொங்கலுக்கு எங்க ஊர் வாலிபால் டீம் கோப்பை வாங்கின கதை. எங்க சாளையில் அந்தப் போட்டோ இன்னும் மாட்டியிருக்கு. கோப்பையோட ஆறு பேர், எண்ணெய் வச்சுப் படிய வாரின தலை, அதில் ரெண்டாவது ஆள் நான்.

"அப்புச்சி, உங்க ஊர்ல எல்லாரும் அந்த டீம்ல ஆடலாமா?"

ஆமான்னு சொல்லியிருக்கலாம். அவனுக்கு எங்கே தெரியப் போகுது. வாய் வரைக்கும் வந்தது. ஆனா கிப்சன் தகட்டைப் பார்த்துட்டு, "ஐயோ பாவம்"னு சொல்லிட்டு வந்து உட்கார்ந்திருக்கேன். எதிரே மைதானம் வெறிச்சோடிக் கிடக்கு.

"இல்ல கண்ணு. ஆட விட மாட்டோம்"னேன்.

எங்க களம் கோயில் நிலம். ஊருக்குத் தெற்கே காலனி. அங்கே என் வயசுப் பையன் ஒருத்தன். பேர் இங்கே போடலை, கேட்டு வாங்காம போடறது முறையில்லை. ஆள் ஒல்லி, உயரம். நாங்க ஆடறப்போ கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் நிப்பான். பந்து வெளியே போனா எடுத்துப் போடுவான். அவன் எடுத்துப் போடறதே எகிறி ஒத்தைக் கையில் அடிக்கிற மாதிரி வரும். நேரா சர்வீஸ் போடறவன் கைக்கு. எங்க ஆறு பேரில் ஒருத்தனுக்கும் அந்தக் கை கிடையாதுன்னு எங்களுக்கே தெரியும். ஒரு தடவை ஆள் குறைஞ்சப்போ, "அவனைக் கூப்பிடலாமா"ன்னு எங்களில் ஒருத்தன் கேட்டான். பெரியவங்க யாரும் அங்கே இல்லை. யாரும் வேண்டாம்னு சொல்லலை. யாரும் கூப்பிடவும் இல்லை. அஞ்சு பேரா ஆடி முடிச்சோம். எங்களுக்கும் எழுதின விதி எதுவும் கிடையாது.

மகள் என்னையே பார்த்துட்டு இருந்தாள். நாப்பது வருஷமா அந்தப் போட்டோவுக்குக் கீழேதான் வளர்ந்தவள். இதை அவகிட்டே நான் சொன்னதில்லை.

பேத்திதான் கேட்டாள். "அவங்ககிட்ட சாரி சொன்னீங்களா?"

"இல்ல அம்மிணி."

"ஏன்?"

அதுக்கு மேல் எனக்குப் பேச்சு வரலை. வர்ற வழியில் ரெண்டு பேரும் தூங்கிட்டாங்க. எனக்குத் தூக்கம் வரலை.

இப்போ ஏன் இதை எழுதறேன்னா, 1977 கோப்பைக்கு வர்ற 2027 பொங்கலோட அம்பது வருஷம். அதுக்கு விழா எடுக்கணும், மலர் போடணும், பெரிய பிளக்ஸ் வைக்கணும்னு பேச்சு ஓடுது. ஊர் வரலாறுன்னு ரெண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லி என்னைத்தான் கேட்டிருக்காங்க. திப்பு சுல்தான் குதிரையும் வேணுமாம், கோப்பையும் வேணுமாம்.

என் கருத்து இதுதான். குதிரைக் கதையைக் கதைன்னு சொல்லி எழுதுவோம், பிள்ளைங்க ரசிக்கட்டும். கோப்பைக் கதையை எழுதினா வேலிக்கு அந்தப் பக்கம் நின்ன ஆளையும் சேர்த்துத்தான் எழுதணும். இல்லைன்னா மலரே வேண்டாம்.

"அந்தக் காலம் அப்படி, இப்ப எதுக்குக் கிளறணும்"னு சொல்லுவீங்க. கட்டடத்துக்குள் கண்ணாடிப் பெட்டி வச்சு அவங்க கிளறினதால்தான் என் பேரனுக்குக் கிப்சன் பேர் தெரியுது. அந்தக் காலம்னு சொல்றோமே, அந்தக் காலத்து ஆள் இன்னும் உயிரோடதான் இருக்கார், நாம ரேசன் கடையில் பார்த்துட்டுத்தான் இருக்கோம். "ஊர் மானம் போயிடும்"னு ஒருத்தர் சொன்னார். கூப்பர்ஸ்டவுன் மானம் போகலைங்க. ஊர் அஸ்திவாரமே பொய்னு எழுதி வச்சுட்டு அவங்க நிமிர்ந்துதான் நிக்கறாங்க. "பிரச்சினை ஆகும்"னு இன்னொருத்தர். சொன்னா பிரச்சினை ஆகும்னா, சொல்லாம இருக்கிறப்பவும் அது அங்கேதான் இருக்கு.

பிள்ளைகளைப் பழைய இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. தஞ்சாவூருக்கோ, கீழடிக்கோ, சும்மா நம்ம ஊர் களத்துக்கோ. ஆனா அவங்க கேள்வி கேப்பாங்க. பதில் சொல்லத் தயாரா இருந்தாத்தான் கூட்டிட்டுப் போகணும். அடுத்தவன் ஊர் அநியாயத்துக்கு உச்சுக்கொட்டறது லேசு. அதுக்கு ஒரு டிக்கெட் போதும்.

ஊருக்கு வந்த மறு வாரம் அவரைப் பார்க்கப் போனேன். இத்தனை வருஷமா நான் அவரை "வா, போ"ன்னுதான் பேசியிருக்கேன். அவர் எனக்கு "ங்க" போட்டுத்தான். ரெண்டு பேருக்கும் ஒரே வயசு. அன்னிக்கு நான் "வாங்க"ன்னு ஆரம்பிச்சதும் அவருக்குச் சங்கடமாப் போச்சு, எனக்கும்தான். திண்ணையில் உட்கார்ந்து டீ குடிச்சோம். களத்துப் பேச்சை எடுத்தேன். மன்னிச்சிடுங்கன்னு சொன்னேன். அவர் உடனே எதுவும் சொல்லலை. எதிர்வீட்டுக் கூரையைப் பார்த்துட்டே இருந்தார். மன்னிச்சேன்னும் சொல்லலை. மலரில் எழுதட்டுமான்னு கேட்டேன்.

"எழுதுங்க. ஆனா பந்து பொறுக்கிப் போட்டவன்னு எழுதாதீங்க. பந்து அடிக்கத் தெரிஞ்சவன்னு எழுதுங்க."

அப்படித்தான் எழுதப் போறேன். பேர் போடலாமான்னு கேட்டதுக்கு, யோசிச்சுச் சொல்றேன்னுட்டார். காத்திருக்கேன். அவர் சரின்னு சொன்னா அந்த ஆறு பேருக்கு மேல் ஏழாவதா அவர் பேர் வரும். வேண்டாம்னா, அந்த இடத்தை வெறுமையா விட்டு, ஏன் வெறுமைன்னு கீழே ஒரு வரி இருக்கும். விழாக் குழு இதுக்கு ஒத்துக்கலைன்னா, அந்த ரெண்டு பக்கத்தையும் இங்கேயே போட்டுடறேன். படிக்கிறவங்க படிச்சுக்கலாம்.

அடுத்த பதிவில் தென்னைக்கு வந்திருக்கிற வெள்ளை ஈ பத்தி எழுதறேன். அதுவும் கவனிக்காம விட்டா போற சாமான் இல்லை.